உருகும்போது எது விட்டுக்கொடுக்கிறது?

கற்பூர டப்பாவைச் சில மாதம் திறக்காமல் வைத்துவிட்டு, பிறகு மூடியைத் திருப்பிப் பாருங்கள். உட்புறத்தில் மெல்லிய வெள்ளைத் துகள்கள் படிந்திருக்கும். அடியில் கிடந்த வில்லைகளிலிருந்து கிளம்பிய கற்பூர மூலக்கூறுகள் மூடி வரை போய் அங்கே மறுபடி படிகமாகியிருக்கின்றன. அதே வில்லைகளில் ஒன்றைத் தட்டில் வைத்துக் கொளுத்தினால் கரும்புகை கக்கி எரிந்து தீர்ந்துவிடும். இரண்டு வழியிலும் வில்லை சிறுத்துப்போகிறது, ஆனால் உள்ளே நடப்பது வேறு வேறு. டப்பாவுக்குள் நடந்ததில் பத்துக் கார்பனும் பதினாறு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த அந்த மூலக்கூறின் ஒரு பிணைப்புகூட அறவில்லை. பக்கத்து மூலக்கூறோடு இருந்த லேசான ஈர்ப்பு மட்டும் விட்டுப்போனது. தட்டில் நடந்ததில் மூலக்கூறே சிதைந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் கரியும் ஆகிவிட்டது. ஒரே வில்லைக்குள் இரண்டு விதமான பிடிகள் இருக்கின்றன. நாம் அதை என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்து, விட்டுக்கொடுக்கும் பிடி மாறுகிறது.

மேல்நிலை வகுப்பு வேதியியலில் திண்ம நிலையைப் பற்றிய பாடத்தில் நான்கு வகைப் படிகங்கள் தவறாமல் வரும்: அயனிப் படிகம், சகப்பிணைப்புப் படிகம், உலோகப் படிகம், மூலக்கூறு படிகம். ஒவ்வொன்றுக்கும் எதிரே உருகுநிலை, கடினத்தன்மை, மின்கடத்தும் திறன், இரண்டு மூன்று உதாரணங்கள். இந்தப் பகுப்பைத் தவறு என்று நான் சொல்லவில்லை. அது எந்த வரிசையில் மனதில் ஏறுகிறது என்பதில்தான் எனக்கு வருத்தம். முதலில் பெயர், பிறகு பெயரோடு ஒட்டிய குணங்கள் என்று படித்தால், குணங்களுக்குக் காரணம் அந்தப் பெயர்தான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே இந்தப் பதிவு முழுக்க நான் சொல்லப்போவது. சூடாக்கினாலும் சரி, சுத்தியலால் அடித்தாலும் சரி, தண்ணீரில் போட்டாலும் சரி, இந்தச் செயலில் எந்த விசை தளர்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். வகையின் பெயர் அந்தப் பதிலிலிருந்து தானாக வரும். சில பொருள்களுக்கு ஒற்றைப் பெயர் வராமலும் போகும், அதில் குறை ஒன்றும் இல்லை.

பெயரை முதலில் வைப்பதால் வரும் சேதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: அயனிச் சேர்மங்களுக்கு உருகுநிலை அதிகம், சகப்பிணைப்புச் சேர்மங்களுக்குக் குறைவு என்று உயர்நிலை வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். அதிலிருந்து சகப்பிணைப்பு பலவீனமானது என்ற முடிவுக்கு ஒரு மாணவர் வந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலக்கூறில் இருக்கும் ஒவ்வொரு கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பையும் உடைக்க மோலுக்குச் சுமார் 800 கிலோஜூல் வேண்டும். வைரத்தில் இரண்டு கார்பன்களுக்கு இடையில் உள்ள பிணைப்புக்குச் சுமார் 350 போதும். பிணைப்பின் பலம் மட்டுமே கணக்கு என்றால் கார்பன் டை ஆக்சைடுதான் கல் மாதிரி இருந்திருக்க வேண்டும். அதுவோ உலர் பனிக்கட்டியாக மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகப் பறந்துவிடுகிறது. காரணம், பறப்பதற்கு அந்த 800-ஐத் தொடவே வேண்டியதில்லை. முழு மூலக்கூறு ஒன்று அண்டை மூலக்கூறுகளை விட்டு விலகினால் போதும், அதற்கு மோலுக்கு 25 கிலோஜூல் அளவுதான் செலவு. வைரத்தில் அப்படித் தனியாக விலகிப் போக மூலக்கூறு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களைப் பிடித்திருக்கிறது, ஒவ்வொரு பிணைப்பும் இரண்டு அணுக்களுக்குப் பொது, ஆக ஓர் அணுவுக்கு இரண்டு பிணைப்புகள் கணக்காகின்றன. வைரத்தை ஆவியாக்க மோலுக்கு 700 கிலோஜூலுக்குச் சற்று மேல் தேவைப்படுவது இதனால்தான். இப்படிப் பார்த்தால் வைரம் எந்த விதிக்கும் விலக்கு ஆகாது.

சாப்பாட்டு உப்பின் கதை இன்னும் சுவையானது, ஏனென்றால் அதில் மூலக்கூறே இல்லை என்பதை ஏற்கப் பெரிய வேதியியலாளர்களே சிரமப்பட்டார்கள். 1913-ல் லாரன்ஸ் ப்ராக் எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்புப் படிகத்தின் உள்ளமைப்பைக் கண்டுபிடித்தார். அதில் சோடியமும் குளோரினும் ஜோடி ஜோடியாக இருக்கவில்லை. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம், சதுரங்கப் பலகையை முப்பரிமாணத்தில் அடுக்கியது போல. எந்தச் சோடியத்துக்கு எந்தக் குளோரின் சொந்தம் என்று சொல்ல வழியில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1927-ல், மூத்த ஆங்கிலேய வேதியியலாளர் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் 'நேச்சர்' இதழில் இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். மூலக்கூறு என்பதையே அடித்தளமாக வைத்து வேதியியலைக் கற்ற தலைமுறைக்கு, மூலக்கூறு இல்லாத ஒரு சேர்மம் அறிவுக்கு ஒவ்வாததாகப் பட்டது. அவருடைய எதிர்ப்பை நான் மதிக்கிறேன்; அவர் கேட்டது சரியான கேள்வி. மூலக்கூறு இல்லை என்றால் இந்தப் படிகத்தைச் சேர்த்துப் பிடித்திருப்பது எது?

பதிலை எண்களில் பார்க்கலாம். உப்பை ஆவியாக்கினால் வாயுவில் சோடியமும் குளோரினும் ஜோடியாகத்தான் இருக்கின்றன, இடைவெளி 2.36 ஆங்ஸ்ட்ராம். படிகத்துக்குள் அதே இரண்டுக்கும் நடுவில் 2.82 ஆங்ஸ்ட்ராம். படிகத்தில் விலகி நிற்கின்றன என்றால் பிடி தளர்ந்திருக்க வேண்டுமே? தனித்தனி ஜோடியாகப் பார்த்தால் தளர்ந்துதான் இருக்கிறது. ஆனால் அயனியின் ஈர்ப்புக்குத் திசை கிடையாது. ஒரு சோடியம் அயனி சுற்றியுள்ள ஆறு குளோரைடுகளையும் ஒரே நேரத்தில் இழுக்கிறது, அதற்கடுத்த பன்னிரண்டு சோடியங்களைத் தள்ளுகிறது, அதற்கும் அப்பால் எட்டுக் குளோரைடுகளை இழுக்கிறது, இப்படி முடிவில்லாமல் போகிறது. இழுப்பையும் தள்ளலையும் கடைசி வரை கூட்டினால், அதே இடைவெளியில் இருக்கும் ஒற்றை ஜோடியைப் போல் ஏறக்குறைய 1.75 மடங்கு மிஞ்சுகிறது. இந்தக் கூட்டுத்தொகையை 1918-ல் கணக்கிட்டவர் எர்வின் மாடலுங். வாயு ஜோடியை அயனிகளாகப் பிரிக்க மோலுக்குச் சுமார் 560 கிலோஜூல் போதும், ஆனால் படிகத்தைப் பிரிக்க 787 தேவைப்படுகிறது. ஆர்ம்ஸ்ட்ராங் தேடிய பிணைப்பு ஓர் இடத்தில் இல்லை, படிகம் முழுக்கப் பரவியிருக்கிறது.

இழுப்பது மின்சுமை என்றால், சுமையைக் கூட்டினால் பிடி இறுக வேண்டும். மக்னீசியம் ஆக்சைடில் அயனி ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுமை, இடைவெளியும் குறைவு, 2.1 ஆங்ஸ்ட்ராம். அடுக்கு முறை உப்பினுடையதேதான். உப்பு 801 டிகிரியில் உருகும். மக்னீசியம் ஆக்சைடு உருக 2,800 டிகிரிக்கும் மேல் போக வேண்டும். சேலத்தில் வெட்டியெடுக்கும் மேக்னசைட்டைச் சுட்டால் கிடைப்பது இதுதான். எஃகு உலைகளின் உட்சுவருக்கான தீச்செங்கல் இதிலிருந்து செய்யப்படுவது இந்தக் காரணத்தால்தான். அட்டவணையில் இரண்டும் ஒரே கட்டத்தில் இருக்கின்றன. உலைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று அந்தக் கட்டம் சொல்லாது, விசையைப் பற்றிய கேள்விதான் சொல்லும்.

இனி சுத்தியல் அடிக்கு வருவோம். கல்லுப்பு ஒன்றைத் தட்டினால் தட்டையான முகங்களோடு சின்னச் சின்னக் கட்டைகளாகப் பிளக்கிறது. அடி விழும்போது ஓர் அடுக்கு கொஞ்சம் நகர்ந்தால் சோடியத்துக்கு எதிரே சோடியமும் குளோரைடுக்கு எதிரே குளோரைடும் வந்துவிடும். இவ்வளவு நேரம் இழுத்த விசையே தள்ளத் தொடங்கும். செம்பை அடித்தால் அது தகடாகிறது. அங்கே எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமாக இல்லாததால், அடுக்கு நகர்ந்தாலும் எதிரெதிர் நிற்பது யார் என்ற பிரச்சினை எழுவதில்லை. இதோடு பாடம் முடிந்துவிடும், ஆனால் விஷயம் முடியவில்லை. முழு அடுக்கையும் ஒரே வீச்சில் நகர்த்த எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்குப் போட்டால், நிஜத்தில் உலோகம் வளைவதற்குத் தேவைப்படுவதைப் போல் பல மடங்கு வருகிறது. 1934-ல் டெய்லர், ஓரோவான், போலானி மூவரும் தனித்தனியே இதற்கு விடை சொன்னார்கள்: அடுக்கில் இருக்கும் ஒரு பிசகு வரிசை வரிசையாக நகர்கிறது, அதனால் ஒரு நேரத்தில் ஒரு வரிசைப் பிணைப்புகள் மட்டும் விட்டுப் பிடிக்கின்றன. செம்பு வளைவதற்குக் காரணம் அதன் பிணைப்பு பலவீனமாக இருப்பது என்று நினைத்தால் தவறு. எந்தப் பிணைப்புகள், எத்தனை, எந்த வரிசையில் விடுகின்றன என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் வாதத்துக்கு நான் முதலில் கூப்பிட விரும்பும் சாட்சி கிராஃபைட். பென்சில் குச்சி கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. பித்தளையையும் தங்கத்தையும் உருக்கும் மூசைகளில் பலவும் கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டவையே. ஒன்று காகிதத்தில் லேசாக இழுத்தாலே தேய்ந்து கோடாகிவிடுகிறது, இன்னொன்று ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடான உருகிய உலோகத்தைத் தாங்கி நிற்கிறது. கிராஃபைட் மென்மையா, உறுதியா? அதன் அடுக்குக்குள் கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையில் 1.42 ஆங்ஸ்ட்ராம், வைரத்தின் 1.54-ஐ விட நெருக்கம். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் 3.35 ஆங்ஸ்ட்ராம், அங்கே இருப்பது கற்பூரத்தில் பார்த்தது போன்ற லேசான ஈர்ப்பு, வாண்டர் வால்ஸ் விசை. எழுதும்போது அடுக்குகளுக்கு இடையிலுள்ள பிடி விடுகிறது. உலையில் அடுக்குக்குள் இருக்கும் பிடி விடாமல் நிற்கிறது. மின்சாரமும் அப்படித்தான். வத்திராயிருப்பில் பிறந்து ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறலை ஆராய்ந்த கே. எஸ். கிருஷ்ணன், கங்குலியோடு சேர்ந்து 1939-ல் கிராஃபைட் படிகத்தின் மின்கடத்தலை அடுக்கின் வழியாகவும் அடுக்குகளுக்குக் குறுக்காகவும் அளந்தார். இரண்டுக்கும் இருந்த வேறுபாடு மிகப் பெரியது. ஒரே கல், ஒரு திசையில் உலோகம் போல, இன்னொரு திசையில் தயங்கித் தயங்கி. 2004-ல் ஆண்ட்ரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் சாதாரண ஒட்டும் நாடாவால் உரித்து உரித்து ஓர் அணு தடிமனுள்ள ஒற்றை அடுக்கைப் பிரித்தெடுத்தார்கள். நாடாவின் பசை அடுக்குகளுக்கு இடையிலுள்ள பிடியை வென்றது, அடுக்குக்குள் இருந்ததைக் கிழிக்காமல் விட்டது. இந்தப் பொருளை நான்கு கட்டங்களில் எதில் போடுவது?

இங்கே விவரம் தெரிந்த ஒருவர் குறுக்கிடலாம். கிராஃபைட் வழுக்குவதற்கு அடுக்குகளின் பலவீனப் பிடி மட்டும் காரணமில்லை. காற்றில்லாத இடத்தில் அது சரியாக வழுக்குவதே இல்லை. உண்மைதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின்னாக்கிகளில் இருந்த கார்பன் பிரஷ்கள் வேகமாகத் தேய்ந்து பொடியானது பொறியாளர்களைக் குழப்பியது. மேலே காற்றில் ஈரம் இல்லாததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. நீராவி போன்ற மூலக்கூறுகள் கிராஃபைட் துகள்களின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, அங்கே துணையின்றி நிற்கும் பிணைப்புகளை மூடிவிடுகின்றன. ஈரம் இல்லாவிட்டால் அந்த விளிம்புகள் எதிரே வருவதைப் பற்றிக்கொள்கின்றன. இந்த மறுப்பு என் கேள்வியை வலுவாக்குவதாகவே எனக்குப் படுகிறது. கிராஃபைட் அடுக்குப் படிகம், ஆகவே வழுக்கும் என்று வகையிலிருந்து குணத்துக்குத் தாவியவருக்கு அந்த விமானப் பிரஷ் புரியாத புதிர். இந்த உரசலில் எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்று கேட்டவர்தான் விளிம்பைப் போய்ப் பார்த்தார்.

இதுவரை பேசாத ஹைட்ரஜன் பிணைப்பைப் பற்றியும் கொஞ்சம். பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளை இந்தப் பிணைப்பால் பிடித்திருக்கிறது. ஒரு பிடிக்கு மோலுக்கு 20 கிலோஜூலைச் சற்றுத் தாண்டும், மூலக்கூறுக்குள் இருக்கும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பில் இருபதில் ஒரு பங்கு. சிறியதாகத் தோன்றும் இந்த விசை எண்ணிக்கையால் பெரிதாகிவிடும். சர்க்கரை மூலக்கூறில் எட்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டு. கற்கண்டு வெறும் மூலக்கூறு படிகம், ஆனால் வாணலியில் போட்டுப் பார்த்தால் கற்பூரம் போல அது அலுங்காமல் ஆவியாகிப் போகாது. மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் அளவுக்குச் சூடு ஏறும்போதே மூலக்கூறின் உட்பிணைப்புகளும் ஆடத் தொடங்கிவிடுகின்றன. உருகுவதும் சிதைவதும் கிட்டத்தட்ட ஒன்றாக நடந்து பழுப்பேறுகிறது. பருத்தியிலும் காகிதத்திலும் உள்ள செல்லுலோஸில் இத்தகைய பிடிகள் இன்னும் அதிகம், அது உருகாமலே கருகும்.

இன்னொரு மறுப்பு இயற்பியல் பக்கத்திலிருந்து வரும். அயனி ஈர்ப்பு, சகப்பிணைப்பு, உலோகப் பிணைப்பு, வாண்டர் வால்ஸ் என்று பிரிப்பதே செயற்கை. அடிப்படையில் எல்லாமே எலக்ட்ரான்களுக்கும் அணுக்கருக்களுக்கும் இடையிலான மின்விசை, குவாண்டம் விதிகளின் கீழ். சரியே. ஆனால் அடிப்படை ஒன்றாக இருப்பதால் விளைவுகள் ஒன்றாகிவிடுவதில்லை. இரண்டு அயனிகளின் தூரத்தை இரட்டித்தால் ஈர்ப்பின் ஆற்றல் பாதியாகும். இரண்டு ஆர்கான் அணுக்களின் தூரத்தை இரட்டித்தால் அறுபத்து நான்கில் ஒரு பங்காகிவிடும். அயனிக்குத் திசை இல்லை, சகப்பிணைப்புக்குத் திசையும் எண்ணிக்கையும் கண்டிப்பு, உலோகத்துக்கு இரண்டிலும் தாராளம். உடையும் விதம், கடத்தும் விதம், கரையும் விதம் எல்லாம் இந்த வேறுபாடுகளிலிருந்துதான் பிறக்கின்றன. ஆகையால் விசைகளின் பெயர்களைத் தூக்கி எறிய நான் சொல்லவில்லை. பொருள்களின் தலையில் ஒற்றைப் பெயரை ஒட்டுவதைத்தான் கைவிடச் சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு உருகுநிலையைப் பற்றியது. கேலியம் 29.8 டிகிரியில் உருகுகிறது. உள்ளங்கைச் சூடே போதும். அப்படியானால் அதன் உலோகப் பிணைப்பு அவ்வளவு சொற்பமா? உருகிய கேலியத்தைக் கொதிக்க வைக்க 2,200 டிகிரி வரை போக வேண்டும். உருகியபோது உலோகப் பிணைப்பு எங்கும் போய்விடவில்லை என்று இதற்குப் பொருள். ஒழுங்கு குலைந்தது, பிடி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. நான் தலைப்பில் கேட்டிருக்கும் கேள்விக்கே இது சவால். உருகும்போது பல பொருள்களில் எதுவும் முழுதாக உடைவதில்லை, அதனால் உருகுநிலையைப் பிணைப்பின் பலத்துக்கு அளவுகோலாகப் பிடிப்பது ஆபத்தானது. துகள்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிடியை முழுதாக அறுக்கும் செயல் ஆவியாதல். பலத்தை ஒப்பிட வேண்டுமானால் ஆவியாக்கும் ஆற்றலைப் பார்க்க வேண்டும். பாடத்தில் நான்கு வகைகளையும் உருகுநிலையால் ஒப்பிடும் பழக்கத்தை மாற்ற இது ஒன்றே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

ஆசிரியர்கள் சொல்லக்கூடியது எனக்குத் தெரியும்: தொடக்க நிலை மாணவருக்கு எளிய கட்டங்கள் வேண்டும், விதிவிலக்குகளைப் பிறகு பார்க்கலாம். கட்டங்களுக்கு நடுவே வழிந்து நிற்பவை ஒன்றிரண்டு என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். அப்படி இல்லையே. அலுமினியம் குளோரைடு திண்மமாக இருக்கும்போது ஒவ்வொரு அலுமினியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின்கள், அயனிப் படிகம் போன்ற அடுக்கு. 192 டிகிரியை ஒட்டி அது உருகும்போது இரண்டு அலுமினியமும் ஆறு குளோரினும் கொண்ட தனி மூலக்கூறுகளாகப் பிரிந்துவிடுகிறது. பருமன் சட்டென்று ஊதுகிறது, மின்கடத்தல் ஏறக்குறைய பூஜ்யமாகிவிடுகிறது. உப்பு உருகினால் நடப்பதற்கு நேர் எதிர். பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு வாயுவில் மூலக்கூறு, திண்மத்தில் நேர், எதிர் அயனிகள். வெள்ளீயம் 13 டிகிரிக்குக் கீழே மெல்ல மெல்லச் சாம்பல் நிறப் பொடியாகி, உலோக அமைப்பை விட்டு வைரத்தின் அமைப்புக்கு மாறுகிறது. குவார்ட்ஸைச் சகப்பிணைப்புக்கு உதாரணமாகக் காட்டுகிறோம். அதன் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பில் பாதி அயனித் தன்மை என்று மதிப்பிட்டவர் லைனஸ் பாலிங். 1940-களில் டச்சு வேதியியலாளர்கள் வான் ஆர்கெலும் கெட்டெலாரும் அயனி, சகப்பிணைப்பு, உலோகம் மூன்றையும் ஒரு முக்கோணத்தின் மூலைகளாக வரைந்து, சேர்மங்களை உள்ளே அங்கங்கே வைத்தார்கள். ஒரே ஒரு படம், அட்டவணையை விடக் கடினமானதும் இல்லை.

மாணவர்களுக்குக் கொடுக்க எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. 1999-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடைச் சுமார் 4 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் நெருக்கி, லேசரால் சூடாக்கினார்கள். மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்புகள் அவிழ்ந்து, ஒவ்வொரு கார்பனும் நான்கு ஆக்சிஜன்களைப் பிடித்துக்கொண்டு, குவார்ட்ஸை ஒத்த வலைப்பின்னல் படிகம் உருவானது. உலர் பனிக்கட்டியும் இதுவும் ஒரே சேர்மம், ஒரே வாய்பாடு. அழுத்தம் இதில் எந்தப் பிடியை அறுத்தது, எந்தப் பிடியைக் கட்டியது, அழுத்தத்தை விலக்கினால் எது முதலில் விட்டுக்கொடுக்கும்? எந்த வகை என்று கேட்டிருந்தால் ஒரு சொல்லில் பதில் முடிந்திருக்கும். இதற்கு ஒரு பக்கம் எழுத வேண்டும், எழுதுபவருக்கு இந்தப் பாடம் முழுவதும் தேவைப்படும்.